ஜீரோ டிராப் ஷூவும் வரப்பில் நடந்த காலும்

போன மார்கழியில் ஒருநாள் காலை ஓடி முடித்துவிட்டு மகாமகக் குளத்தின் ஓரம் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பட்டீஸ்வரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வந்து இங்கே பயிற்சி எடுக்கிற ஒரு தம்பி உண்டு. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயார் செய்கிறான். வெறுங்காலில்தான் ஓடுவான். கழற்றி வைத்த ஷூவை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தான்.

"என்ன சார், வெயிட்டே இல்லை. குதிகாலையும் காணோம்."

"ஜீரோ டிராப் தம்பி. முன்னாடியும் பின்னாடியும் ஒரே உயரம்."

"அப்ப நம்ம ரப்பர் செருப்பு மாதிரி."

"கிட்டத்தட்ட."

"எவ்வளவு சார்?"

எட்டாயிரத்துச் சொச்சம் என்றேன். செருப்பு மாதிரி இருப்பதற்கு எட்டாயிரமா என்று சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "இதைப் போட்டா டைம் குறையுமா சார்?"

அது விளையாட்டுக் கேள்வி இல்லை. காவலர் உடற்தகுதித் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். ஓடாவிட்டால் அதோடு வீட்டுக்குப் போகலாம். எழுத்துத் தேர்வில் எத்தனை மதிப்பெண் வாங்கியிருந்தாலும் சரி. போன தடவை இவன் கோட்டைத் தொட்டபோது ஏழு நிமிடம் தாண்டிச் சில நொடிகள் ஆகிவிட்டன. எட்டாயிரம் ரூபாய் அந்த நொடிகளை வாங்கித் தரும் என்றால் கடன் வாங்கியாவது வாங்கிவிடுவான். அவன் அம்மா நடவுக்குப் போகிறவர்.

உடனே பதில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. காரணம், இந்த வகை ஷூவால் ஒரு தடவை நான் ஆறு வாரம் நொண்டியவன். கொஞ்சம் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். படித்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் டிராப் என்றால் என்ன. ஷூவுக்குள் குதிகால் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, முன்பாதம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு, அதுதான் டிராப். கடையில் கிடைக்கும் வழக்கமான ஓட்ட ஷூவில் 8 முதல் 12 மில்லிமீட்டர் இருக்கும். பின்பக்கம் 32, முன்பக்கம் 22 என்றால் டிராப் 10. ஜீரோ டிராப்பில் இரண்டும் சமம்.

இதில் எல்லோரும் குழப்பிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு, நானும் குழப்பிக்கொண்டேன். டிராப் வேறு, அடித்தளத்தின் தடிமன் வேறு, எடை வேறு. ஜீரோ டிராப் என்றாலே மெல்லிய ஷூ என்று அர்த்தமில்லை. ஆல்ட்ரா கம்பெனி 2022ல் கொண்டுவந்த வானிஷ் கார்பன் ஜீரோ டிராப்தான், ஆனால் அடியில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நுரை, நடுவில் கார்பன் தகடு. அதே ஜீரோ டிராப்பில் 2011ல் வந்த சாக்கனி ஹட்டோரி சுமார் 125 கிராம்தான். காலுறைக்கு அடியில் ரப்பர் ஒட்டினாற்போல இருக்கும். இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் பேச்சு எங்கேயும் போய்ச் சேராது. நான் இங்கே பேசுவது இரண்டாவது ரகம்: சாலைப் பந்தயத்துக்கான, எடை குறைந்த, அடி மெலிந்த, தட்டையான ஷூ.

நான் வாங்கியது அந்த ரகம். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, தப்பு என்னுடையது. நாலு வருஷமாக 10 மில்லிமீட்டர் டிராப் ஷூவில் வாரத்துக்கு முப்பது கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தேன். குளத்திலிருந்து தாராசுரம் கோயில் வரை போய்த் திரும்பினால் ஏழெட்டு கிலோமீட்டர். அதுதான் என் வழக்கமான தடம். புது ஷூ வந்த அன்றைக்கு அதே தடத்தில் முழுசாக ஓடினேன். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? கால் தரையைப் படிக்கிறது. தார் எங்கே முடிகிறது, சிமெண்ட் எங்கே ஆரம்பிக்கிறது என்பது உள்ளங்காலுக்குத் தெரிகிறது. மார்கழியில் விடியலில் தெருவெல்லாம் ஈரம், கோலத்தை மிதிக்காமல் தாண்டித் தாண்டி ஓட வேண்டும். கனத்த ஷூவில் தாண்டினால் டப்பென்று விழும் கால் இதில் பூனை மாதிரி விழுந்தது. கடிகாரமும் கிலோமீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு நொடி குறைவாகக் காட்டியது. ஷூ கொடுத்ததா, உற்சாகம் கொடுத்ததா என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

மறுநாள் கெண்டைக்கால் இரண்டும் கல். மாடிப்படி இறங்க முடியவில்லை. தசை பழகுகிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நாலாவது வாரம் வலி போய்விட்டது, ஆகவே தூரத்தை ஏற்றினேன். ஆறாவது வாரம் வலது பாதத்தின் மேல்பக்கம், இரண்டாம் விரலுக்கு நேர் மேலே, விரல்நுனியால் அழுத்தினால் உயிர் போகிற மாதிரி ஓர் இடம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்ஆர்ஐ எடுத்தார்கள். எலும்புக்குள் வீக்கம். "உடையலை. ஆனா உடையலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கு" என்றார் டாக்டர். ஆறு வாரம் ஓட்டம் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். குதிகாலுக்கும் முன்பாத மேட்டுக்கும் நடுவே சுமார் 17 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிகாலை 10 மில்லிமீட்டர் இறக்கினால் பாதத்தின் சாய்வு மூன்று டிகிரிக்குக் கொஞ்சம் மேல் மாறும். மூன்று டிகிரி என்ன பெரிசு என்று தோன்றும். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் எட்டு; எட்டு கிலோமீட்டருக்கு ஒவ்வொரு காலும் நாலாயிரம் தடவை தரையில் விழும். ஒவ்வொரு தடவையும் குதிகாலையும் கெண்டைக்காலையும் இணைக்கிற அந்தத் தடித்த நாண் (அக்கிலிஸ் என்கிறார்கள்) முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக இழுபடும். ஓடும்போது அந்த நாண் தாங்குகிற இழுவை உடல் எடையைப் போல ஐந்தாறு மடங்கு. அதன்மேல்தான் இந்தக் "கொஞ்சம் கூடுதல்" ஏறுகிறது. போதாததற்கு, அடி மெலிந்த ஷூவில் குதிகாலை நேராக இடித்தால் வலிக்கும் என்பதால் உடம்பு தானாகவே முன்பாதத்தில் இறங்கப் பார்க்கும். நாலு வருஷமாகக் குதிகாலும் முழங்காலும் சுமந்த வேலையை ஒரே நாளில் கெண்டைக்காலுக்கும் பாதத்து எலும்புகளுக்கும் மாற்றிவிட்டேன்.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. 2013ல் அமெரிக்காவில் சாரா ரிட்ஜும் உடன் ஆய்வாளர்களும் 36 அனுபவமுள்ள ஓட்டக்காரர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினர் பழைய ஷூவிலேயே ஓடினார்கள். மற்ற 19 பேரும் பத்து வாரத்தில் படிப்படியாக விப்ரம் ஐந்துவிரல் ஷூவுக்கு மாறினார்கள். கடைசியில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால், மாறியவர்களில் 10 பேருக்குப் பாதத்து எலும்புக்குள் வீக்கம் கூடியிருந்தது. அவர்கள் படிப்படியாக மாறியவர்கள் என்பதைக் கவனியுங்கள். நான் ஒரே நாளில் மாறியவன்.

தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், சில வாரங்களில் பழகிவிடும். நாணுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். கெண்டைக்கால் வலி நின்றதை உடம்பு பழகிவிட்டதற்கான அடையாளமாக எடுத்துக்கொண்டு நான் தூரத்தை ஏற்றிய நாலாவது வாரம், எலும்பு அப்போதுதான் வேலையையே ஆரம்பித்திருக்கும்.

இந்த ஷூக்கள் எங்கிருந்து வந்தன என்பதும் சுவாரசியமான கதை. யூட்டா மாநிலத்தில் குடும்பத்தோடு ஓட்டச் சாமான் கடை நடத்திய கோல்டன் ஹார்ப்பர், ரொட்டி சுடும் சின்ன மின் அடுப்பில் ஷூவை வைத்துப் பசையை இளக்கி, அடிப்பாகத்தைப் பிரித்து, குதிகாலின் கூடுதல் உயரத்தை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டிப் பார்த்தார். வாடிக்கையாளர்கள் அதையே கேட்டு வர ஆரம்பித்தார்கள். ஆல்ட்ரா பிறந்தது அப்படித்தான்.

இதைப் படித்த வேகத்தில் நானும் என் பழைய ஷூவை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கிறவரிடம் போனேன். பின்பக்கம் ஒரு சென்டிமீட்டர் சீவித் தர முடியுமா என்று கேட்டேன். ஷூவைத் தரையில் வைத்து இப்படியும் அப்படியும் பார்த்தவர், "சீவலாம் சார். ஆனா பின்னாடி இறங்குச்சுன்னா முன்னாடி மூக்கைத் தூக்கிக்கும். விரலெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கிட்டு இருக்கும். அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வருவீங்க" என்றார். பின்னர் யோசித்தபோது முழுக்க நியாயம் என்று பட்டது. ஷூவின் முன்நுனி ஏற்கெனவே கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருக்கும். குதிகாலை மட்டும் இறக்கினால் அந்த வளைவு இன்னும் கூடும். உயரத்தை எடுப்பதென்றால் அடித்தளம் முழுவதையும் பிரித்து மாற்ற வேண்டும். ஹார்ப்பர் செய்தது அதுதான். நம்ம ஊர்க்காரர் மின் அடுப்பு இல்லாமலேயே அதைச் சொல்லிவிட்டார்.

2009ல் கிறிஸ்டோபர் மெக்டூகலின் 'பார்ன் டு ரன்' புத்தகம் வந்தது. மெக்சிகோவின் ராராமுரி மக்கள் மெல்லிய செருப்பில் மலைமலையாக ஓடுவதைப் படித்து உலகமே ஷூவைக் கழற்றக் கிளம்பியது. 2010 ஜனவரியில் ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்: வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், குதிகாலில் இறங்கும்போது வரும் அந்த முதல் 'இடி' அவர்களுக்கு ஏறக்குறைய இல்லை. அந்தக் கட்டுரை காயம் குறையும் என்று நிரூபிக்கவில்லை. ஆனால் விளம்பரங்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. விப்ரம் மீது 2012ல் அமெரிக்காவில் வழக்கு வந்தது. உடல்நலப் பலன்களை ஆதாரமில்லாமல் சொன்னதாகக் குற்றச்சாட்டு. தவறை ஒப்புக்கொள்ளாமலே 2014ல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார்கள்.

எல்லா வெறுங்கால்காரர்களும் முன்பாதத்தில்தான் இறங்குவார்கள் என்ற நம்பிக்கையும் நிற்கவில்லை. 2013ல் கெவின் ஹட்டாலா குழுவினர் வடக்குக் கென்யாவின் தாசநாச் மக்களில் 38 பேரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து செருப்பு பழகாதவர்கள். நீண்ட தூரத்துக்கு உகந்த நிதான வேகத்தில் அவர்களில் 72 சதவீதம் பேர் குதிகாலில் இறங்கினார்கள். வேகம் கூடியபோதுதான் முன்னே மாறினார்கள். ஆக, 'இயற்கையான ஓட்டம்' என்று ஒரே ஓர் அச்சு இல்லை.

இந்த இடத்தில் நம்மூர்க்காரர்களுக்கு ஒரு மிதப்பு வரும். எனக்கும் வந்தது. "வெறுங்கால் நமக்குப் புதுசா? தாத்தா காலத்திலிருந்து வரப்பில் நடந்தவங்க நாம." இந்திய மாரத்தான் சரித்திரத்தைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். பீகாரின் பக்ஸர் பக்கம் பிறந்து ராணுவத்தில் சேர்ந்த ஷிவ்நாத் சிங் வெறுங்காலில் ஓடியே பேர் வாங்கியவர். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11வது இடம். 1978ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடம். அந்தத் தேசியச் சாதனை நாற்பது வருஷத்துக்கும் மேல் நின்றது. கார்பன் தகடெல்லாம் வந்த பிறகும் நின்றது. இன்றைக்கும் பெங்களூரில் தாமஸ் பாபி பிலிப் வெறுங்காலிலேயே மாரத்தான்கள் ஓடுகிறார்.

ஆனால் பெருமைப்படுவதற்கு முன் அபேபே பிகிலாவையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலில் 2:15:16 ஓடி உலகத்தை அசத்தியவர், 1964 டோக்கியோவில் ஷூ போட்டு மூன்று நிமிடம் குறைவாக ஓடினார். மறுபடியும் தங்கம், மறுபடியும் உலகச் சாதனை. கால் அதே கால்.

என்னை உட்கார வைத்தது ஓட்டக்காரர்களைப் பற்றிய கட்டுரை அல்ல, நடப்பவர்களைப் பற்றியது. கிறிஸ்டியான் டாவு என்ற பெல்ஜியக்காரரும் அவர் குழுவும் 2009ல் வெளியிட்டது. தென்னிந்தியாவில் வாழ்நாள் முழுக்க வெறுங்காலில் நடந்த 70 பேர், செருப்போ ஷூவோ போடும் இந்தியர் 137 பேர், மேல்நாட்டுக்காரர் 48 பேர். பாதங்களை அளந்து, அழுத்தம் காட்டும் தட்டின்மேல் நடக்கவிட்டார்கள். வெறுங்கால்காரர்களின் முன்பாதம் அகலம். நடக்கும்போது எடை பாதம் முழுக்கப் பரவுகிறது. மற்றவர்களுக்கு அது குதிகாலிலும் முன்பாதத்தில் சில இடங்களிலும் குவிகிறது. இந்தியர், மேல்நாட்டார் என்று ரத்தத்தில் மட்டும் இருக்கிற வித்தியாசமில்லை இது. இந்தியர்களுக்குள்ளேயே செருப்பு போட்ட கால் வேறு, போடாத கால் வேறு.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொன்று: யு.பி. ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 1992ல் இந்தியக் குழந்தைகள் 2300 பேரின் பாதத் தடங்களைப் பார்த்தார்கள். செருப்பு, ஷூ போடும் குழந்தைகளில் தட்டைப் பாதம் 8.6 சதவீதம், போடாதவர்களில் 2.8 சதவீதம். குழந்தைப் பருவத்தில் கால் எப்படி வளர்ந்ததோ அதுதான் அஸ்திவாரம். அதைத் தாத்தா எனக்காக நடந்து கொடுக்க முடியாது.

அப்பாவின் காலைப் பார்த்தால் இது புரியும். எழுபது தாண்டிவிட்டது. இளவயதில் குறுவை, சம்பா என்று சேற்றிலேயே நின்றவர். வரப்பு ஓரடி அகலம்கூட இருக்காது, வழுக்கும். விரல்கள் விரிந்து மண்ணைக் கவ்வினால்தான் நடக்க முடியும். அவர் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இன்னொரு விரல் வைக்கலாம். கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த ஷூ எதுவும் அவர் காலில் ஒரு மணி நேரம் தாங்கியதில்லை. என்னுடைய ஜீரோ டிராப்பை ஒருநாள் சும்மா மாட்டிப் பார்த்தார். இந்த ரகத்தில் பெரும்பாலும் விரல் இருக்கும் இடம் அகலமாக இருக்கும். எழுந்து கூடத்தில் நாலடி நடந்தார். "இதுதாண்டா கால் அளவு தெரிஞ்சு தச்சிருக்கான்" என்றார். இன்றைக்கும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் அவர் குதிகால் தரையை விட்டு எழாது. எனக்கு எழும். பள்ளிக்கூட நாளிலிருந்து ஷூ, இருபது வருஷம் நாற்காலி. அவருடைய அக்கிலிஸ் நாண் நீளமும் என்னுடையதும் ஒன்றல்ல. தட்டை ஷூவுக்குத் தயாரான கால் வீட்டில் ஒன்று இருந்தது. ஓடப்போனது மற்றது.

எங்களோடு காலையில் ஓடுகிறவர்களிடம் விசாரித்தேன். இதையெல்லாம் ஆய்வு என்று சொல்ல மாட்டேன், டிகிரி காபி குடித்துக்கொண்டே கேட்டதுதான். பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு வருஷக்கணக்கில் முழங்கால் வலி. ஜீரோ டிராப்புக்கு மாறிய மூன்றே மாதத்தில் குறைந்தது என்கிறார். நம்புகிறேன், முழங்காலின் சுமை கணுக்காலுக்கு இறங்குகிறது, அவருக்கு அது லாபம். ஆனால் அவர் மாறிய விதத்தைக் கேளுங்கள். முதல் மாதம் அதைப் போட்டு ஓடவே இல்லை, கடைத்தெருவுக்கு நடந்தார். ஒரு செவிலியர், இரவுப் பணி முடித்துவிட்டு ஓட வருவார். அவருக்கு இரண்டு வாரத்தில் குதிகால் நாண் வீங்கிவிட்டது, பழைய ஷூவுக்கே திரும்பிவிட்டார். காலில் பன்னிரண்டு மணி நேரம் நின்றபின் அந்த நாணிடம் இன்னும் வேலை கேட்டால் அது என்ன செய்யும்? முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் பட்டாளத்துக் கான்வாஸ் ஷூவிலேயே முப்பது வருஷம் ஓடியவர். இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுவிட்டு, "நாங்க போட்டதும் தட்டைதானே சார், அப்ப யாரும் பேர் வைக்கலை" என்றார். வாஸ்தவம். 1970கள் வரை உலகம் முழுக்க ஓட்ட ஷூக்கள் மெலிசாகத்தான் இருந்தன. குதிகால் மெத்தை அதன் பிறகு ஏறியது.

அப்புறம் முள். ஆற்றங்கரையில் சீமைக் கருவேலம் இருக்கிற வரைக்கும் அடி மெலிந்த பந்தய ஷூவோடு மண்பாதையில் இறங்காதீர்கள். சாலை ஷூ என்று எழுதியிருப்பதற்கு அர்த்தம் உண்டு.

இவர்கள் சொல்வது ஏன் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறது? அதற்கும் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. லக்ஸம்பர்கில் லோரான் மாலிசூ குழுவினர் 2016ல் வெளியிட்டது. 553 ஓட்டக்காரர்களுக்கு 10, 6, 0 மில்லிமீட்டர் என மூன்று டிராப்களில் ஒன்றைக் குலுக்கல் முறையில் கொடுத்து ஆறு மாதம் கவனித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் காயத்தில் வித்தியாசமே இல்லை. பிரித்துப் பார்த்தபோது, எப்போதாவது ஓடுகிறவர்களுக்குக் குறைந்த டிராப்பில் காயம் குறைவு. தவறாமல் ஓடிப் பழகியவர்களுக்குக் குறைந்த டிராப்பில் காயம் அதிகம். நான் இதை இரண்டு தடவை படித்தேன். அனுபவசாலிதான் மாற்றத்தைத் தாங்குவான் என்று நினைத்திருந்தேன். நடந்தது தலைகீழ். ஏன் என்பதற்கு என் ஊகம் இது: அனுபவசாலியின் உடம்பு ஏற்கெனவே ஒரு ஷூவுக்கு வார்க்கப்பட்டுவிட்டது, அதோடு அவன் தூரத்தைக் குறைக்கவும் மாட்டான்.

நான் இப்போது ஓடுவது எப்படி என்றால், தட்டை ஷூவை முழுக்க விடவில்லை. வாரத்தில் ஒரு நாள், மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகாமல். மற்ற நாட்களில் பழைய ஷூ. தினமும் பல் தேய்க்கும்போது வாசற்படி விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கி ஏற்றுவேன், காலுக்குப் பதினைந்து தடவை. டிராப்பையும் ஒரேயடியாக இறக்காமல் 10லிருந்து 6, பிறகு 4 என்று இறங்கியிருந்தால் அந்த ஆறு வாரம் மிச்சமாகியிருக்கும். பாதத்தின் மேல்பக்கம் ஒரே புள்ளியில் வலித்தால் அன்றைக்கே நிறுத்துவேன். கெண்டைக்கால் பரவலாக வலிப்பது வேறு. எலும்பின் மேல் ஒற்றைப் புள்ளி வலி வேறு.

சரி, தம்பியின் கேள்வி. டைம் குறையுமா?

எடையைப் பற்றி ஒரு பழைய கணக்கு உண்டு. ஒரு ஷூவில் 100 கிராம் கூடினால் ஓடுவதற்கான ஆக்ஸிஜன் செலவு சுமார் 1 சதவீதம் கூடும். அதை அப்படியே நேரமாக மாற்ற முடியாது, ஆனாலும் தோராயமாக வைத்துக்கொண்டால் 7 நிமிடத்தில் 1 சதவீதம் நாலு நொடி. கனத்த ஷூவில் ஓடுகிறவன் லேசான ஷூவுக்கு மாறினால் அந்த நாலு நொடி கிடைக்கலாம். இவன் ஓடுவது வெறுங்காலில். காலில் இருப்பது ஏற்கெனவே பூஜ்ய கிராம், பூஜ்ய மில்லிமீட்டர். அப்படியென்றால் எந்த ஷூவும் அவனுக்குக் கூடுதல் சுமைதானே? அதுவும் இல்லை. 2012ல் ஃப்ரான்ஸ், வியர்ஸ்பின்ஸ்கி, கிராம் ஆகிய மூவர் வெறுங்காலையும் 150 கிராம் அளவுள்ள லேசான மெத்தை ஷூவையும் ஒப்பிட்டார்கள். வெறுங்காலுக்குச் சக்தி மிச்சமாகவில்லை. மெத்தை இல்லாதபோது தசையே மெத்தையாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது, அதற்கும் செலவு உண்டு. லேசான ஷூ எடையில் வாங்குவதை மெத்தையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆகவே இவனுக்கு நேரக் கணக்கில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

பொங்கல் கழித்து அவனைப் பார்த்தபோது இதைச் சொன்னேன். முகம் விழுந்துவிட்டது. ஷூ இல்லாததுதான் தன் குறை என்று நினைத்திருக்கிறான். மற்ற பையன்கள் ஷூவோடு வருகிறார்கள்.

"நீ தினம் எப்படி ஓடுறே?"

"அஞ்சு கிலோமீட்டர் சார், ஒரே சீரா."

அங்கேதான் இருந்தது அந்த நொடிகள். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க 400 மீட்டருக்கு 112 நொடி வேகம் வேண்டும். இவன் தினமும் அதைவிட மெதுவாகவே ஓடிக்கொண்டிருந்தால் உடம்புக்கு அந்த வேகம் எப்படித் தெரியும்? வாரம் இரண்டு நாள் 400 மீட்டரை 105 நொடியில், நடுவில் இரண்டு நிமிடம் நடை, இப்படி ஐந்து தடவை ஓடச் சொன்னேன். மற்ற நாள் பழையபடி நிதானமாக. எட்டாயிரத்தை அம்மாவிடமே வைக்கச் சொன்னேன்.

ஆனால் அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. ஆசைக்கு ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும் என்று என் தட்டை ஷூவைக் கொடுத்தேன். இருவருக்கும் 9ம் நம்பர். ஒரு சுற்று ஓடினான். முன்பாதம் மெத்தென்று விழுகிறது, குதிகால் தொட்டும் தொடாமல் எழுகிறது, சத்தமே இல்லை. நான் ஆறு வாரம் நொண்டிக் கற்றுக்கொள்ள முடியாததை அவன் கால் முதல் அடியிலேயே செய்தது. இந்த ஷூவை யாருடைய காலை மனதில் வைத்துச் செய்தார்களோ அந்தக் கால் இதுதான். அதற்கு விலை போட்டிருப்பது என்னைப் போன்றவனின் பர்ஸைப் பார்த்து.

"எப்படி இருக்கு?"

"விரலுக்கு இடம் இருக்கு சார். கல்லு குத்தலை. மத்தபடி ஒண்ணும் தெரியலை."

தேர்வு நடக்கும் மைதானம் எப்படியிருக்குமோ, ஜல்லி கிடந்தால் என்ன செய்வது என்பதுதான் இப்போது அவனுடைய கவலை. நியாயமான கவலை. ஷூவை அவனிடமே விட்டுவிட்டேன். வாரம் ஒருநாள் இதைப் போட்டு ஓடிப் பழகு, கயிறு அழுத்திக் கட்டாதே, தேர்வன்று தரையைப் பார்த்துவிட்டு முடிவு செய் என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை 400 மீட்டர் ஐந்தும் 105க்குள் வந்தன, கடைசியைத் தவிர. அது 108. வெறுங்காலில்தான் ஓடினான், ஷூ சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டிருந்தது. வரும் ஞாயிறு முழு 1500. கடிகாரம் பிடிக்க என்னை வரச் சொல்லியிருக்கிறான்.